எஞ்சின் நின்ற மூன்று நொடி

ரிமோட்டில் ஓட்டுகிற எங்கள் சின்ன விமானத்துக்கு ஊற்றுகிற பெட்ரோலும் உங்கள் ஸ்கூட்டருக்கு ஊற்றுகிற பெட்ரோலும் ஒன்றுதான், மேடம். பலருக்கு இது தெரியாது. ஏதோ தனி எண்ணெய் எங்கிருந்தோ வருகிறது என்று நினைத்துக்கொள்வார்கள். பங்கில் வாங்கி, லிட்டருக்கு முப்பது மில்லி ஆயில் கலந்து, ஒரு குலுக்குக் குலுக்கினால் தீர்ந்தது. முப்பது என்றால் முப்பதுதான். குறைந்தால் எஞ்சின் சூடாகிச் சிக்கிக்கொள்ளும், கூடினால் புகையும். பதினெட்டு வருடமாக நான்தான் கலக்கிறேன். ஒரு தடவைகூட என் எஞ்சின் வானத்தில் தானாக நின்றதில்லை.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். எது முதல் என்று வரும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். என் வேலையிலிருந்து தொடங்குவதுதான் சரி என்று படுகிறது.

முப்பத்தொரு வருடம் ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு அறையில் இருந்தேன். எலும்பை நேராக்குவது டாக்டர். கட்டுப் போடுவதும், பிறகு ரம்பத்தால் அதை அறுத்து எடுப்பதும் நான். அந்த அறையில் ஒன்று கற்றுக்கொண்டேன். கால் ஒடிந்தால் வீடு கூடும். வருடக்கணக்கில் முகம் பார்க்காத அண்ணன் தம்பிகள் ஆளுக்கொரு பக்கம் தாங்கிப் பிடித்து அழைத்து வருவார்கள். கல்யாணமாகிப் போன பெண் என்றால், கட்டுப் போட்ட கையோடு அப்பா வீட்டுக்குத்தான் கூட்டிப் போவார்கள். அங்கே படி அதிகம், இங்கே பாத்ரூம் பக்கம் என்று ஏதாவது ஒரு காரணம் கிடைத்துவிடும். மூன்று மாதம் கழித்துக் கட்டை எடுக்க வரும்போது அந்த அப்பாக்களின் முகத்தைப் பார்க்க வேண்டும். பள்ளி விடுமுறை முடிந்துபோன குழந்தை முகமாக இருக்கும்.

என் மகளை, நாங்கள் விமானம் விடுகிற மைதானத்தில் எல்லோரும் 'மெக்கானிக்' என்றுதான் கூப்பிடுவார்கள். ஒன்பது வயதில் என்னோடு வர ஆரம்பித்தாள். இறக்கையைப் பூட்டுகிற நான்கு போல்ட்டும் அவள் பொறுப்பு. நான் திருகினால் ஒத்துக்கொள்ள மாட்டாள், மறுபடி தானே ஒரு தடவை திருகிப் பார்ப்பாள். விசிறியைக் கையால் சுண்டி எஞ்சினைக் கிளப்பும்போது நான் தடித்த கையுறை போட்டுக்கொள்கிறேனா என்று பார்த்துவிட்டுத்தான் வாலைப் பிடிப்பாள். வளர்ந்து, படித்து, கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலைக்குப் போன பிறகும் ஞாயிற்றுக்கிழமை என்றால் என்னோடுதான். மற்ற வீடுகளில் பெண்கள் அம்மா பக்கம் சாய்வார்கள். எங்கள் வீட்டில் அப்படி இல்லை. "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் வாடகைக்கு இருக்கேன்" என்று என் மனைவி சொல்வாள். வேடிக்கையாகத்தான் சொல்வாள்.

மாப்பிள்ளையைப் பற்றிக் குறையாக ஒன்றும் சொல்ல மாட்டேன். அவர் நல்லவர். குளிர்பதனக் கிடங்குகளில் இயந்திரம் பொருத்துகிற வேலை. கூச்ச சுபாவம். கல்யாணமான இரண்டாவது மாதம், மொட்டை மாடியில் நான் இறக்கைக்குப் பசை தடவிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றார்.

"எனக்கும் ஓட்டக் கத்துத் தர்றீங்களா மாமா?"

"இதுல உங்களுக்கு ஆசை உண்டா?"

"ஆசைன்னு இல்ல. உங்ககூடப் பேச வேற சாக்கு கிடைக்கல."

இதை என் மனைவியிடம் சொன்னபோது அவள் கண் கலங்கிவிட்டது. என்ன மாதிரிப் பிள்ளை பாருங்க என்றாள். நானும் ஆமாம் என்றேன்.

கற்றுக்கொடுக்கிற முறையை நீங்கள் புரிந்துகொள்வது முக்கியம். இரண்டு ரிமோட் இருக்கும். என்னுடையது மாஸ்டர், மாணவருடையது சின்னது. இரண்டையும் ஒரு ஒயர் இணைக்கும். என் ரிமோட்டில் ஒரு ஸ்பிரிங் சுவிட்ச் உண்டு. அதை நான் விரலால் இழுத்துப் பிடித்திருக்கிற வரைக்கும் விமானம் மாணவர் கையில். விரலை எடுத்தால் அந்த நொடியே என் கையில். மாணவருடைய ரிமோட்டில் இருக்கிற குச்சிகள் அப்போதும் அசையும், ஆனால் விமானம் கேட்காது. அதனால் எங்கள் கிளப்பில் ஒரு கட்டாயப் பழக்கம் உண்டு. கொடுக்கும்போது "உங்ககிட்ட" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். வாங்கும்போது "என்கிட்ட" என்று சொல்ல வேண்டும். சொல்லாமல் வாங்கினால், தன் கையில் இல்லாத விமானத்தை மாணவர் ஓட்டிக்கொண்டே இருப்பார். அது விழுந்தால், தான்தான் விழவைத்தோம் என்று நினைப்பார்.

மாப்பிள்ளைக்கு ஒரே ஒரு குறை. விமானம் நம்மை விட்டுப் போகும்போது இடது இடதுதான். நம்மை நோக்கித் திரும்பி வரும்போது இடது வலதாகிவிடும். புதிதாகக் கற்பவர்கள் எல்லோருக்கும் வருகிற குழப்பம்தான், இவருக்குக் கொஞ்சம் அதிகம். எங்கள் கிளப்பில் ஒரு டெய்லர் இருக்கிறார், வாய் சும்மா இருக்காது. "மாப்பிள்ளை, அடுத்த பேன்ட் தைக்கும்போது இந்தக் கால் இடது, இந்தக் கால் வலதுன்னு எழுதித் தரட்டுமா?" என்பார். மாப்பிள்ளையும் சிரிப்பார். "எழுதினாலும் பேன்ட் என்னைப் பாத்து நடந்து வந்தா நான் காலிண்ணே" என்பார். ஆக, அவருடைய குறை மைதானத்தில் எல்லோருக்கும் தெரியும். தனக்கு அந்தக் குறை உண்டு என்பது அவருக்கும் நன்றாகத் தெரியும்.

பிறகு அந்த வேலை வந்தது. இரண்டு விமானம் மாறிப் போகவேண்டிய ஊர். அவருக்கு ஒன்று, அவளுக்கும் அங்கேயே கண் ஆஸ்பத்திரியில் ஒன்று. குறிப்பிட்ட தேதியில் சேராவிட்டால் அவளுடைய இடம் வேறொருவருக்குப் போய்விடும். இதைச் சாப்பாட்டு மேஜையில் அவள்தான் சொன்னாள்.

"ரெண்டு வருஷந்தான்பா."

"ரெண்டு வருஷத்துல திரும்பி வந்தவங்க யாரையாவது உனக்குத் தெரியுமா?"

"நான் என்ன ஸ்பார்க் பிளக்கா, கழட்டி எடுத்தா வண்டி நின்னுடறதுக்கு? டெய்லர் மாமா இல்லையா போல்ட் முடுக்க?"

"அவர் முடுக்கினா தையல் விட்டுப்போகும்" என்றேன். எல்லோரும் சிரித்தோம். மாப்பிள்ளைக்குப் புரை ஏறி, என் மகள் அவர் தலையில் தட்டினாள். என் கையிலிருந்த தண்ணீரைத்தான் அவரிடம் கொடுத்தேன்.

அன்றைக்கு எனக்குக் கோபம் இல்லை. இதை நீங்கள் நம்பவேண்டும். கோபத்தில் எதையும் செய்கிறவன் இல்லை நான். கோபப்பட்டால் மாவு கட்டி தட்டிவிடும்.

யோசித்தேன், அவ்வளவுதான். ஒரு கால், முழங்காலுக்குக் கீழே, சுத்தமான ஒரு முறிவு. அவளுக்கு வயது இருபத்தேழு, நல்ல எலும்பு, மூன்று மாதத்தில் கூடிவிடும். சேருகிற தேதி தாண்டிவிடும். மாப்பிள்ளை முதலில் தனியாகப் போகட்டும். அவள் வீட்டில் இருப்பாள். கட்டை நானே போடுவேன், நானே எடுப்பேன். அரிப்பு எடுத்தால் எங்கே எப்படிச் சொறிய வேண்டும் என்று எனக்குத்தான் தெரியும். அதற்குள் மனசு மாறலாம், வேலை மாறலாம். மூன்று மாதத்தில் எவ்வளவோ மாறும்.

அவர்கள் கிளம்ப இருபத்தைந்து நாள் இருந்தது. நான் வார நாட்களில் தனியாக மைதானத்துக்குப் போக ஆரம்பித்தேன். ஒரு பழைய தலையணையைக் கம்பில் கட்டி, முழங்கால் உயரத்துக்கு நட்டேன். எஞ்சினை நிறுத்திவிட்டு, சறுக்கி வந்து, இறக்கையின் முன்விளிம்பால் அதைத் தட்ட வேண்டும். எஞ்சினை ஏன் நிறுத்த வேண்டும் என்றால், விமானம் எட்டரைக் கிலோ, முன்னால் சுற்றுகிற விசிறி கிட்டத்தட்ட இரண்டடி. சுற்றிக்கொண்டிருந்தால் அது கோடாலி. என் மகள்மீது கோடாலி படுவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியாது. முதல் நாள் ஆறு தடவையில் இரண்டு தடவை பட்டது. கடைசி நாள் ஆறும் பட்டது. ஒரு நாள் டெய்லர் வந்துவிட்டார். "தலகாணி உங்களுக்கு என்னய்யா பாவம் பண்ணுச்சு?" என்றார். தாழப் பறந்து பழகுகிறேன் என்றேன். பொய் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை முதல் தடவையாகத் தானே இறக்கப் போகிற நாள். அதிலும் ஒரு வழக்கம் உண்டு. கற்பவர் இறக்கும்போது, தரை தொடவேண்டிய இடம் தெரிவதற்காக, ஓடுபாதையை விட்டுப் பத்தடி தள்ளி ஒருவர் சிவப்புக் கொடியோடு நிற்பார். யார் நிற்கிறீர்கள் என்று நான் கேட்கவே இல்லை. கொடியை அவளே எடுத்துக்கொண்டாள். "இவரு இறக்கறத நான் பக்கத்துல நின்னு பாக்கணும்" என்றாள். போகும்போது திரும்பி, "இடது எது, சொல்லுங்க பாப்போம்" என்று கத்தினாள். மாப்பிள்ளை வேண்டுமென்றே வலது கையைத் தூக்கிக் காட்டினார். அவள் சிரித்துக்கொண்டே போனாள்.

விமானத்தை நான் மேலே ஏற்றினேன். "உங்ககிட்ட" என்றேன். "என்கிட்ட" என்றார். நல்ல குரலில் சொன்னார். இரண்டு வட்டம் அழகாக அடித்தார். மூன்றாவது வட்டத்தில் இறங்குவதற்காக எங்களை நோக்கித் திருப்பினார். உண்மையைச் சொன்னால், அன்றைக்கு அவருக்கு இடது வலது குழம்பவே இல்லை. மூக்கு நேராக ஓடுபாதையைப் பார்த்தது. நல்ல மாணவர்.

நான் விரலை எடுத்தேன். வாய் திறக்கவில்லை.

விமானம் இடப்பக்கம் சாய்ந்தது, கொடியை நோக்கி. பக்கத்தில் மாப்பிள்ளை "ஐயோ, மாமா" என்றார். அவர் குச்சிகளை எல்லாப் பக்கமும் இழுப்பது எனக்குக் கேட்டது, பிளாஸ்டிக் கிறீச்சிட்டது. நான் எஞ்சினை நிறுத்தினேன். உங்கள் கோப்பில் எஞ்சின் கோளாறால் நின்றது என்று எழுதியிருக்கிறீர்கள். அதை மட்டும் முதலில் திருத்திக்கொள்ளுங்கள். எஞ்சினை நிறுத்துகிற சுவிட்ச் மாஸ்டர் ரிமோட்டில் மட்டும்தான் உண்டு. மாணவருடைய ரிமோட்டில் அது கிடையாது. கிளப்பில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். யாரும் கேட்கவில்லை, அவர்களும் யோசிக்கவில்லை. கற்பவர் கையில் விமானம் விழுந்தது, கற்பவரே ஒத்துக்கொண்டார், வேறு என்ன வேண்டும்?

என் கணக்கில் ஒன்று விட்டுப்போயிற்று. மைதானத்தில் நாங்கள் சத்தத்துக்குப் பயப்பட மாட்டோம். சத்தம் நின்றால்தான் பயம். எஞ்சின் நின்ற விமானத்தை மறுபடி மேலே ஏற்ற முடியாது, எங்காவது இறக்கியாக வேண்டும். அதனால் ஓடுபாதையில் ஒரு பொருளும் இருக்கக் கூடாது. ஒன்பது வயதில் அவளுக்கு நான் சொல்லிக்கொடுத்தது இது: "எஞ்சின் நின்னா வானத்தைப் பாக்காதே. தரையைப் பாரு. எது கிடந்தாலும் எடு." பதினெட்டு வருடத்தில் ஒரு தடவைகூட அவள் இதை மறந்ததில்லை. அன்றைக்கு அவளுடைய தண்ணீர் பாட்டில் காற்றில் உருண்டு ஓடுபாதைப் பக்கம் போயிருந்தது. சத்தம் நின்றதும் வானத்தைப் பார்க்கவில்லை. இரண்டு எட்டு வைத்து, குனிந்து, பாட்டிலை எடுத்தாள்.

முழங்கால் இருக்கவேண்டிய உயரத்தில் தலை இருந்தது.

நான் மெதுவாகத்தான் நடந்து போனேன். ஓடிப் பயனில்லை என்று நின்ற இடத்திலிருந்தே தெரிந்துவிட்டது. மாப்பிள்ளைதான் ஓடினான். கழுத்தில் மாட்டிய ரிமோட்டோடு, ஒயரை அறுத்துக்கொண்டு ஓடினான்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்கே தெரியும். நீங்கள்தான் அவனிடம் வாக்குமூலம் வாங்கினீர்கள். நான்தான் கொன்னேன், இடது வலது குழம்பிட்டேன், என்று நான்கு தடவை சொன்னான் என்று கேள்விப்பட்டேன். வெளியூர் வேலையை விட்டுவிட்டான். இப்போது எங்கள் வீட்டில், என் மகளுடைய அறையில் இருக்கிறான். என் மனைவி அவனுக்குச் சோறு பிசைந்து ஊட்டுகிறாள். பெற்ற மகளைப் பறிகொடுத்தவள், அதை ஓரமாக வைத்துவிட்டு, "நீ வேணும்னு பண்ணலடா தம்பி" என்று அவன் முதுகைத் தடவிக்கொண்டே இருக்கிறாள்.

துக்கம் கேட்க வருகிறவர்கள் முதலில் அவனிடம் போகிறார்கள். அவன் கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். டெய்லர்கூட, அந்த வாய்க்காரர், அவன் பக்கத்தில் ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு எல்லோரும் என்னிடம் வந்து ஒரே ஒரு விஷயம் சொல்கிறார்கள். அவனை மன்னிச்சுடுங்க.

என் மனைவியும் அதைத்தான் கேட்டாள். போன வாரம், சமையலறையில்.

"என்னங்க, ஒரே ஒரு வார்த்தை. உன்மேல தப்பில்லைன்னு உங்க வாயால சொல்லிடுங்க. அப்பத்தான் அவனுக்குத் தூக்கம் வரும்."

"நான் சொன்னா நம்புவானா?"

"நீங்க சொன்னா மட்டுந்தான் நம்புவான். பக்கத்துல நின்னது நீங்கதானே."

சொல்லியிருக்கலாம். அவன்மேல் தப்பில்லை என்று உறுதியாகத் தெரிந்த ஒரே ஆள் இந்த உலகத்தில் நான்தான். அறை வாசல் வரைக்கும் போகவும் போனேன். அவன் கட்டிலில் உட்கார்ந்து அவளுடைய சீப்பைக் கையில் வைத்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"மாமா, எனக்கு மன்னிப்பெல்லாம் வேண்டாம். நீங்க குடுத்தாலும் வாங்கிக்க மாட்டேன். அவ என்னாலதான் போனா. சாகிற வரைக்கும் இத நான் சுமந்துக்கறேன். என்னைத் தவிர வேற யாருக்கும் இதுல பங்கில்ல."

நான் திரும்பி வந்துவிட்டேன். கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவன் சொன்ன வார்த்தை அரிப்பு மாதிரி உள்ளே போய்விட்டது, கட்டுக்குள்ளே, கை எட்டாத இடத்தில். நாலு நாள் பொறுத்தேன். இன்று காலை குளித்துச் சட்டை மாற்றிக்கொண்டு இங்கே வந்தேன்.

நீங்கள் சற்றுமுன் ஒரு கேள்வி கேட்டீர்கள். எஞ்சின் நின்றதற்கும் இடித்ததற்கும் நடுவில் எவ்வளவு நேரம் இருந்தது என்று. நல்ல கேள்வி. எஞ்சினை நிறுத்திய இடத்திலிருந்து கொடி வரைக்கும் அறுபது மீட்டர். விமானம் வந்த வேகத்துக்கு மூன்று நொடி. அவள் குனிந்தது முதல் நொடியிலேயே. அப்படியானால் இன்னும் இரண்டு நொடி மிச்சம். ஒன்றும் செய்ய நேரமில்லை என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் இரண்டு நொடி எங்கள் விளையாட்டில் பெரிய நேரம், மேடம். ஒரு தடவை கிளப் செயலாளருடைய விமானம் தலைகீழாகத் தரைக்கு வந்தபோது, அவர் கையிலிருந்து ரிமோட்டைப் பிடுங்கி, ஒரு நொடியில் நிமிர்த்தியவன் நான். மூக்கைக் கொஞ்சம் தூக்கியிருந்தால் போதும். அவள் முதுகுக்கு மேலே ஓரடி தாண்டிப் போய் மண்ணில் விழுந்திருக்கும். என் கட்டைவிரல் குச்சிமேல்தான் இருந்தது.

அவள் குனிந்திருப்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. கண்ணாடி போட்டிருந்தேன், அவளே பரிசோதித்துக் கொடுத்த கண்ணாடி. அந்த இரண்டு நொடியில் என் மனதில் ஒரே ஒரு எண்ணம்தான் ஓடியது. மூன்று மாதம் போதாது. மூன்று மாதம் கழித்துக் கட்டை அறுத்ததும் அவள் எழுந்து போய்விடுவாள்.

விரலை அசைக்கவில்லை.

நான் அவளை நேசிக்காதவன் என்று எழுதிவிடாதீர்கள். அப்படி எழுதினால் நான் கையெழுத்துப் போட மாட்டேன். தண்டனையைப் பற்றி எனக்குக் கவலை இல்லை, எத்தனை வருடம் வேண்டுமானாலும் போடுங்கள். அந்தப் பிள்ளையை இன்றைக்கே கூப்பிட்டு, அவனுக்கு இதில் சம்பந்தமே இல்லை என்று நீங்களே சொல்லிவிடுங்கள். அவன் தன் ஊருக்குப் போகட்டும். வேலைக்குப் போகட்டும், வேறு கல்யாணம்கூடப் பண்ணிக்கொள்ளட்டும். அந்த அறையைக் காலி செய்தால் சரி. அவளை அனுப்பிவைத்தது அவன் இல்லை. பழைய காகிதத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக ஒன்று எழுதுங்கள், மேடம். இறந்தவருக்கு என்ன உறவு என்று அதில் ஒரு கட்டம் இருக்குமே, அதை மட்டும் காலியாக விட்டுக் கொடுங்கள், நானே நிரப்பித் தருகிறேன்.